கோடை இடிமழைக்கு எஸ்.பி.சி.யை எவ்வளவு நம்பலாம்?

ஜூன் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் டெக்சஸ் முதல் டகோட்டாக்கள் வரை வானத்தைக் கவனிக்கிறவர்கள் காலையில் திறந்து பார்ப்பது ஒரே படத்தைத்தான்: ஓக்லஹோமா மாநிலம் நார்மனில் இருக்கும் அரசு வானிலை மையமான ஸ்டார்ம் ப்ரெடிக்‌ஷன் சென்டர், சுருக்கமாக எஸ்.பி.சி., வெளியிடும் 'கன்வெக்டிவ் அவுட்லுக்', அதாவது இடிமழை அபாய முன்னறிவிப்பு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணம் தீட்டிய வரைபடம். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், விளம்பரத் தொல்லையும் இல்லை. 1948 மார்ச் 25 அன்று டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து கொடுத்த டொர்னேடோ (சுழல்காற்று) முன்னறிவிப்புதான் இந்தச் சேவைக்குப் பாட்டன். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு நாளைத் திட்டமிடலாம். ஜூலையில் அது நடக்காது. கோடையில் படத்தை விட அதன் அடியில் இருக்கும் எழுத்துக்குத்தான் மதிப்பு. அதைப் படிக்காதவருக்கு இந்தச் சேவை பாதிதான் கிடைக்கிறது.

படத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதைப் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தைச் சுற்றி 25 மைல், ஏறக்குறைய 40 கிலோமீட்டர், வட்டத்துக்குள் ஒரு தீவிர நிகழ்வு நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதே அந்த எண். உங்கள் கூரை மேல் விழும் வாய்ப்பு அதைவிட மிகச் சிறியது. தீவிரம் என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு: 1 அங்குல விட்டமுள்ள ஆலங்கட்டி, அல்லது மணிக்கு 58 மைல் காற்று, அல்லது டொர்னேடோ. 2010-க்கு முன் ஆலங்கட்டிக்கு முக்கால் அங்குலம் போதும்; பழைய பட்டியல்களோடு இன்றைய எண்ணிக்கையை ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்தால் கணக்கு தப்பும்.

வண்ணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டொர்னேடோ வாய்ப்பு 5 சதவீதம் ஆனாலே படம் 'ஸ்லைட்' என்ற மஞ்சளுக்குப் போய்விடும். ஆலங்கட்டிக்கோ காற்றுக்கோ அதே மஞ்சள் வர 15 சதவீதம் வேண்டும். ஆக, மேற்குக் கான்சஸில் தெரியும் மஞ்சளும் வடக்கு டகோட்டாவில் தெரியும் மஞ்சளும் ஒன்றல்ல. ஒன்று கார் கண்ணாடிக்கு ஆபத்து, இன்னொன்று வீட்டுக்கே ஆபத்து. முதன்மைப் படத்துக்கு மேலேயே டொர்னேடோ, காற்று, ஆலங்கட்டி என்று தனித்தனிப் படங்கள் இருக்கின்றன. அவற்றைத் திறக்காமல் மூடிவிடாதீர்கள்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014 அக்டோபரிலிருந்து ஐந்து படிகள்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்ட், மாடரேட், ஹை. 'என்ஹான்ஸ்ட்' பெரிதா 'மாடரேட்' பெரிதா என்று தெருவில் போகிற பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் தவறாகச் சொல்வார்கள். 'ஸ்லைட்' என்ற சொல்லைக் கேட்டவர் அலட்சியமாக இருந்துவிடுவார்; கோடையில் பெரிய ஆலங்கட்டி விழும் நாள்களில் பல அந்த வண்ணத்திலேயே வந்துபோகின்றன. படிக்கு 1 முதல் 5 வரை எண்ணும் கூடவே கொடுத்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நேரம். முதல் நாள் அறிக்கை, அதாவது அன்றைய நாளுக்கானது, யு.டி.சி. (உலகப் பொது நேரம்) 06:00, 13:00, 16:30, 20:00, 01:00 என்று ஐந்து முறை வெளியாகிறது. சமவெளியின் மத்தியக் கோடை நேரப்படி இரவு 1, காலை 8, முற்பகல் 11:30, மாலை 3, இரவு 8. ஐந்தும் ஒரே தரம் அல்ல. இரவு 1 மணி அறிக்கை முந்தின மாலை 7 மணிக்கு ஏற்றிய வானிலை பலூனின் தரவை வைத்து எழுதப்படுவது. 8 மணி அறிக்கைக்குக் காலை 7 மணி பலூன் கையில் இருக்கும். 11:30 அறிக்கை வரும்போது செயற்கைக்கோள் படத்தில் வெயில் எங்கே விழுகிறது, மேகம் எங்கே கலையாமல் கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். கோடையில் ஒரே ஓர் அறிக்கைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் 11:30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம், கோடைச் சமவெளியில் இன்றைய மழையை எழுதுவது நேற்றிரவு மழை. வசந்தத்தில் மேலடுக்குப் பெருங்காற்று தெற்கே இறங்கி, தாழ்வுப் பகுதியும் முகப்புகளும் (வெப்பக் காற்றும் குளிர்காற்றும் சந்திக்கும் எல்லைகள்) தெளிவாக நகரும். கணினி மாடல்கள் அவற்றை மூன்று நாள் முன்பே பிடித்துவிடும். ஜூலையில் அந்தக் காற்று வடக்கே டகோட்டாக்களுக்கும் கனடாவுக்கும் ஒதுங்கிவிடுகிறது. கீழே வெப்பமும் ஈரமும் அபாரமாக இருக்கும், ஆனால் எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆளில்லை. இரவில் நெப்ராஸ்காவைக் கடந்த ஒரு மழைமேகத் திரள் தரையோடு குளிர்காற்றுக் குளம் ஒன்றை விட்டுச் செல்கிறது. அதன் விளிம்பு, அதாவது அவுட்ஃப்ளோ எல்லை, மறுநாள் பிற்பகல் எந்த மாவட்டத்தில் நிற்கிறதோ அங்கேதான் முதல் கோபுர மேகம் எழும். இரவு 1 மணி அறிக்கை எழுதப்படும்போது அந்தத் திரளே இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். விளிம்பு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையின் எழுத்தில் இதை ஒளிக்காமல் சொல்லியிருப்பார்கள்: 'ரெம்னன்ட் அவுட்ஃப்ளோ' (மிச்சமிருக்கும் விளிம்பு), 'எம்.சி.வி.' (பழைய திரள் விட்டுச்சென்ற சுழல்), 'கண்டிஷனல்' என்ற சொற்கள் வந்தால் படத்தின் கோடுகள் பென்சிலால் போட்டவை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

'கண்டிஷனல்' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் கவனிக்கலாம். மழைமேகம் எழுந்தால் கொடூரமாக இருக்கும், ஆனால் எழுமா என்பது சந்தேகம் என்று பொருள். சந்தேகத்துக்குக் காரணம் மூடி. மெக்சிகோ பீடபூமியிலிருந்தும் ராக்கி மலைகளிலிருந்தும் நகர்ந்து வரும் வெப்பமான, உலர்ந்த காற்றடுக்கு, ஈரமான கீழ்க்காற்றின் மேல் பானை மூடி போல உட்கார்ந்துகொள்ளும். பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில் (கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரம்) வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கோடையில் மேகம் மூடியை உடைப்பது கடினம். கிழக்குக் கான்சஸ், மிசௌரி போன்ற தாழ்ந்த இடங்களுக்கு இது இன்னும் உதவுகிறது. கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் தரையே 1,500 மீட்டர் உயரம். பிற்பகலில் 700 மட்டம் தரைக்காற்றோடு கலந்துவிடும். அங்கே அதே கணக்கைப் போட்டால், மேகமே வராது என்று எழுதிவைத்த நாளில் கோல்ஃப் பந்து அளவு ஆலங்கட்டி விழும்.

இந்த இடத்தில்தான் எஸ்.பி.சி.யின் இரண்டாவது பொருள் கைகொடுக்கிறது: மீசோஅனாலிசிஸ் பக்கம், அதாவது வளிமண்டலத்தின் இப்போதைய நிலையைக் காட்டுவது. மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்கள். இதை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பது இன்றும் ஆச்சரியம்தான். ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமல் பயன்படுத்தக் கூடாது. தரை நிலையங்களின் அளவீடுகளை 'ராப்' என்ற கணினி மாடலின் ஒரு மணி நேர முன்கணிப்போடு பொருத்தித் தயாரிக்கிறார்கள். அதாவது தரையில் இருப்பது ஓரளவு உண்மை அளவீடு. மேலே இருப்பது மாடல். மூடியின் வலிமையைக் காட்டும் வரைபடம் பெரிதும் மாடலை நம்பி நிற்கிறது. வலைக்கட்டமும் 40 கிலோமீட்டர் என்பதால், 10 கிலோமீட்டருக்குள் பனிநிலை (காற்றின் ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை) சரேலென்று விழும் உலர்கோடு (ஈரக்காற்றுக்கும் உலர்காற்றுக்கும் நடுவிலான எல்லை) அந்தப் படத்தில் மெழுகிவிட்டது போலத் தெரியும். அவுட்ஃப்ளோ எல்லையோ பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதை ரேடாரின் மெல்லிய இழையிலும், காட்சிப்பட்டைச் செயற்கைக்கோள் படத்தின் மேகவரிசையிலும்தான் தேட வேண்டும்.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கு அருகிலுள்ள விமான நிலையத்தின் மெட்டார் (வானிலை அளவீட்டு) அறிக்கையை எடுங்கள். வெப்பநிலை 35, பனிநிலை 21 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14, அதை 125-ஆல் பெருக்கினால் 1,750. மேகத்தின் அடி ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதே வெப்பநிலையில் பனிநிலை 16 மட்டுமே என்றால் அடி 2,375 மீட்டருக்கு ஏறிவிடும். அடி உயர உயர, விழும் மழை வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துத் தரையில் அறைகிறது. டொர்னேடோவை விடக் கீழ்வெடிப்புக் காற்றுக்குத்தான் அது தோது. இப்போது மீசோஅனாலிசிஸ் அதே இடத்தில் என்ன பனிநிலை காட்டுகிறது என்று பாருங்கள். நிலையம் 18 சொல்ல, வரைபடம் 21 சொன்னால், அது காட்டும் கேப் (மேகம் எழக் கிடைக்கும் ஆற்றல்) மதிப்பும் பல நூறு ஜூல் ஊதியிருக்கும். அயோவா, கிழக்கு நெப்ராஸ்கா சோளக்காடுகளில் ஜூலை மாதம் இதற்கு நேர் எதிராகவும் நடக்கும்: பயிர் விடும் ஈரத்தால் நிலையம் 24, 25 என்று காட்டும், மாடல் பின்தங்கி நிற்கும்.

கூட்டுக் குறியீடுகளில் எச்சரிக்கை வேண்டும். டொர்னேடோவுக்கான எஸ்.டி.பி. என்ற குறியீடு நான்கு பகுதிகளைப் பெருக்கி வருவது. அதன் எளிய வடிவத்தில் கேப்பை 1,500-ஆல் வகுக்கிறார்கள். மேக அடி 1,000 மீட்டருக்குக் கீழே என்றால் 1, 2,000-க்கு மேல் என்றால் 0. தரையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையிலான ஹெலிசிட்டியை (கீழ்க்காற்றின் சுழல்தன்மை) 150-ஆல் வகுப்பது. 6 கிலோமீட்டர் வரையிலான காற்று வேறுபாட்டை நொடிக்கு 20 மீட்டரால் வகுப்பது. ஜூலை நாள் ஒன்றின் எண்களைப் போட்டுப் பாருங்கள்: கேப் 4,500, மேக அடி 1,000, ஹெலிசிட்டி 75, வேறுபாடு 20. மூன்று பெருக்கல் ஒன்று பெருக்கல் அரை பெருக்கல் ஒன்று: 1.5. வரைபடத்தில் இது கவலைக்குரிய மதிப்பு. ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியது கேப் மட்டுமே. கீழ்க்காற்றில் சுழற்சி பாதிதான். கோடையில் எஸ்.டி.பி. பார்க்கும்போது பகுதிகளைப் பிரித்துப் பார்க்காதவர் வாரம் மூன்று முறை ஏமாறுவார். மேலும், மழை கடந்துபோன இடத்தில் இந்த வரைபடங்கள் காட்டும் எதற்கும் அர்த்தமில்லை. குளிர்ந்த தரை, பழைய மேலடுக்கு என்று இரண்டும் ஒட்டுப்போட்ட மதிப்பு அது.

எஸ்.பி.சி. படத்தோடு சேர்த்துப் பெரும்பாலானோர் பார்ப்பது 'எச்.ஆர்.ஆர்.ஆர்.' என்ற கணினி மாடல். 3 கிலோமீட்டர் வலை, மணிக்கொரு ஓட்டம் (புதிதாகக் கணக்கிடுவது), ஒவ்வொன்றும் 18 மணி நேரம், யு.டி.சி. 00, 06, 12, 18 ஓட்டங்கள் 48 மணி நேரம். ரேடார் படம் போலவே வருவதால் கண் மயங்கிவிடும். ஒரு சோதனை போதும்: காலை 7 மணி ரேடாரில் தெற்கு டகோட்டாவின் தென்கிழக்கில் ஒரு மழைத்திரள் இருக்கிறதா? அதே நேரத்து மாடல் படத்திலும் அது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஓட்டத்தின் பிற்பகலைத் தூக்கிப் போடுங்கள். காலை மேகத்தையே தவறவிட்டது மாலை எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கும்? இருந்தாலும் ஒரே ஓட்டத்தை நம்பாமல் தொடர்ந்து நான்கைந்து ஓட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே என்பதில் ஒவ்வொன்றும் மாறினாலும், எப்போது என்பதிலும் தனிமேகமா வரிசைமேகமா என்பதிலும் ஒத்துப்போனால் அதை எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பழக்கமும் உண்டு: வெயில் நாளில் இந்த மாடல் கீழ்க்காற்றை அளவுக்கு மேல் கலக்கி, பனிநிலையை உலர்த்திவிடும், உலர்கோட்டைக் கிழக்கே தள்ளிவிடவும் செய்யும்.

பலூன் தரவுக்கும் ஒரு சொல். டாட்ஜ் சிட்டி, நார்த் பிளாட், டொபேகா, நார்மன் ஆகிய இடங்களிலிருந்து காலை 7, மாலை 7 என இரண்டு முறை ஏறுவதுதான் வழக்கம். 2025 மார்ச்சில் ஆள் பற்றாக்குறையால் ஒமாஹாவிலும் ராபிட் சிட்டியிலும் நிறுத்துவதாகவும், நார்த் பிளாட் உள்ளிட்ட சில இடங்களில் ஒன்றாகக் குறைப்பதாகவும் தேசிய வானிலைச் சேவை அறிவித்தது. ஆகவே காலையில் முதல் வேலை, உங்களுக்கு மேற்கே இருக்கும் பலூன் உண்மையிலேயே ஏறியதா என்று பார்ப்பது. ஏறவில்லை என்றால் மூடியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது மாடல் சொல்வதுதான்.

எஸ்.பி.சி. தருவதில் எங்கள் முதல் மதிப்பெண் படத்துக்கல்ல, 'மீசோஸ்கேல் டிஸ்கஷன்' என்ற சிறு குறிப்புக்கு. நான்கைந்து வாக்கியம், ஒரு வட்டம் போட்ட படம், வாட்ச் (தீவிர மழைக்கு வாய்ப்பு உண்டு, தயாராக இருங்கள் என்ற அறிவிப்பு) விட எத்தனை சதவீத வாய்ப்பு என்ற ஒரு வரி. பெரும்பாலும் வாட்ச் வருவதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பே வெளியாகிவிடும். எல்லை எங்கே நிற்கிறது, மூடி எந்தப் பக்கம் மெலிகிறது, ஆலங்கட்டி எவ்வளவு பெரிதாகலாம் என்று பூசி மெழுகாமல் எழுதுவார்கள். 20 சதவீதம் என்று போட்டால் அலட்சியம் வேண்டாம்; ஒன்றிரண்டு மேகம் மட்டும் கொடூரமாகலாம், அதற்காகப் பெரிய நிலப்பரப்புக்கு வாட்ச் போட வேண்டியதில்லை என்று பொருளாக இருக்கலாம். அந்த ஒன்றிரண்டு போதும். 2010 ஜூலை 23 அன்று தெற்கு டகோட்டாவின் விவியனில் 8 அங்குல விட்டமுள்ள ஆலங்கட்டி விழுந்தது. அமெரிக்காவில் அளந்து பதிவானவற்றில் விட்டத்தால் பெரியது அதுதான்.

இந்தச் சேவை திணறும் இடம் திரள்காற்று, டெரேச்சோ: மழைத்திரள் ஒன்று நெடுந்தூரம் ஓடிக்கொண்டே வீசும் நேர்க்கோட்டுப் பெருங்காற்று. 2020 ஆகஸ்ட் 10 அன்று தெற்கு டகோட்டாவில் தொடங்கி அயோவாவைக் கிழித்துக்கொண்டு ஓஹையோ வரை 14 மணி நேரத்தில் ஏறக்குறைய 770 மைல் ஓடிய திரள், சீடார் ராபிட்ஸ் பகுதியில் மணிக்கு 140 மைல் அளவுக்குக் காற்று வீசியதாக மதிப்பிடப்பட்டது. முந்தின நாள் அறிக்கைகளில் இத்தனை பெரிய நிகழ்வுக்கான அறிகுறி இல்லை. காலையில் சின்னதாகத் தெரிந்த ஒரு மேகக்கூட்டம் குளிர்காற்றுக் குளத்தைத் திரட்டி, தன்னைத்தானே தள்ளிக்கொண்டு ஓடிய கதை அது. அந்தக் கூட்டம் சிதறுமா திரளுமா என்பதைக் காலை 7 மணிக்குச் சொல்லும் கருவி அன்று யாரிடமும் இல்லை. இதற்காக எஸ்.பி.சி.யைத் திட்டுவது நியாயமாகாது. ஆனால் கோடையில் காலைத் திரள் ஒன்று வடமேற்கிலிருந்து வருகிறது, அதற்கு முன்னால் கேப் 4,000-க்கு மேல் குவிந்திருக்கிறது என்றால், வண்ணம் எதுவாக இருந்தாலும் ரேடாரை மூடாதீர்கள்.

இரவு நேரப் பொறி ஒன்று இருக்கிறது. முதல் நாள் என்பது யு.டி.சி. 12:00 முதல் மறுநாள் 12:00 வரை, அதாவது சமவெளியில் காலை 7 முதல் காலை 7. இரவு 1 மணிக்குப் புது அறிக்கை வந்ததும் பக்கத்தில் அதுதான் முன்னால் நிற்கும்; அது தொடங்குவதோ காலை 7-க்கு. அதிகாலை 3 மணிக்கு உங்களை நோக்கி வரும் மழை அதில் இருக்காது. அது முந்தின இரவு 8 மணி அறிக்கையில்தான் இருக்கிறது. சமவெளியில் இது சாதாரண விஷயமில்லை: இரவில் தாழ்மட்டப் பெருங்காற்று தெற்கிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வருவதால் கோடை மழையில் பெரும்பங்கு நள்ளிரவைச் சுற்றித்தான் பெய்கிறது. இதைத் தனியாக ஆராயவே 2015 கோடையில் கான்சஸை மையமாக வைத்துப் பீகான் என்ற களஆய்வு நடந்தது. தரை குளிர்ந்துவிட்டதால் தரைக்காற்றின் கேப் வரைபடம் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் உண்டு. இரவு 9-க்குப் பிறகு பார்க்க வேண்டியது 'எம்.யூ.கேப்', மிகவும் நிலையற்ற அடுக்கின் கேப். அது 3,000 இருந்தால் மேகம் 1 கிலோமீட்டர் மேலிருந்தே எழுந்துகொள்ளும்.

வாட்ச் வரை எஸ்.பி.சி. பொறுப்பு, வார்னிங் (ஆபத்து நெருங்கிவிட்டது என்ற எச்சரிக்கை) உள்ளூர் வானிலை அலுவலகத்தின் வேலை. இந்தப் பிரிவினை தெரியாமல் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். 2021 ஆகஸ்டிலிருந்து இடிமழை வார்னிங்குக்குச் சேத அளவும் சேர்க்கப்படுகிறது. 2.75 அங்குல ஆலங்கட்டி அல்லது மணிக்கு 80 மைல் காற்று என்றால் 'டிஸ்ட்ரக்டிவ்' என்ற முத்திரை. அப்போது மட்டும்தான் கைப்பேசிகளில் தானாக அவசர அலறல் வரும். மணிக்கு 70 மைல் காற்றும் 1.75 அங்குல ஆலங்கட்டியும் 'கன்சிடரபிள்' மட்டுமே. போன் வாய் திறக்காது. ஆகவே இரவுக்கு ஒரு வானிலை ரேடியோ வாங்கும்போது உங்கள் கவுன்டிக்கு மட்டும் ஒலிக்கும்படி எஸ்.ஏ.எம்.இ. குறியீடு (இடத்தைக் குறிக்கும் எண்) போட முடிகிறதா, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஏழு அலைவரிசைகளும் எடுக்கிறதா, மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாறுகிறதா என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.